காசி மகள் கல்யாணத்துல எடுத்த படம்

அப்படி இறுக்கிப் பிடிச்சுத் திருகாதீங்க சார். பாளையத்துல பஸ் ஏறுனதுல இருந்து பாத்துக்கிட்டே வர்றேன். பேசக் கூடாதுன்னுதான் இருந்தேன். முகம் தெரியாதவங்க பொருள்ல நாம எதுக்கு வாயைக் குடுக்கணும்? ஆனா மனசு கேக்கல. விரலால அழுத்துறீங்கள்ல, கேமரா லென்ஸுல மாட்டிருக்கிற அந்த ஃபில்டர் வளையம் லேசா நசுங்கி முட்டை வாக்குல ஆயிரும். அப்புறம் மரை நல்லாக் கவ்விக்கிரும். எம்புட்டு பலமாப் பிடிக்கிறீங்களோ அம்புட்டுக்கு அது வராது. இப்படிக் குடுங்க. பயப்படாதீங்க, நானும் இந்தத் தொழில்தான். உத்தமபாளையத்துல ஸ்டூடியோ வச்சிருக்கேன். தனுஷ்கோடின்னு கேட்டா பஸ் ஸ்டாண்டுல யாரும் சொல்லுவாங்க.

சுருளி அருவிக்குப் போயிட்டு வர்றீங்களா? அதான். சாரல் பட்டிருக்கும். நீங்க தொடைக்காமப் பையில வச்சிருப்பீங்க. ஃபில்டரை மாட்டுறப்ப யாரும் யோசிக்கிறதில்ல சார். லென்ஸுக்கு முன்னாடி ஒரு கண்ணாடி, அவ்வளவுதான்னு மாட்டிருவாங்க. கழட்டுறப்பதான் தெரியும்.

உங்க காலுல கிடக்கிறது ரப்பர் செருப்புதானே? ஒண்ணைக் கழட்டுங்க. கூச்சப்படாதீங்க. அடிப்பக்கத்தை இந்தத் துண்டுல தொடைச்சுக்கிறேன். இப்ப செருப்பைக் கவுத்து மடியில வச்சு, லென்ஸை அதுமேல இப்படி நேராக் கவுக்கணும். வளையம் முழுக்க ரப்பர்ல ஒண்ணா உக்காரும். ரொம்ப அழுத்தக் கூடாது, சும்மா உக்காந்தாப் போதும். இப்பத் திருகணும். பஸ் குலுங்குது, கொஞ்சம் பொறுங்க.

இந்த வித்தையை எனக்குக் காமிச்சவன் காசி. காசிநாதன். என் சிநேகிதன். சிநேகிதன்னு இன்னைக்குச் சொல்றதா வேணாமான்னு தெரியல. இருபது வருசத்துக்கு மேல ஒரே கடை சார். முன்பக்கம் நான் போட்டோ, பின்பக்க ரூம்புல அவன் வீடியோ. இந்தக் கம்பம் பள்ளத்தாக்குல நாங்க ரெண்டு பேரும் போகாத மண்டபம் கிடையாது. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, எல்லாத்துக்கும் சேந்துதான் போவோம். நான் மேடையில இந்த ஓரம் நின்னா அவன் அந்த ஓரம் நிப்பான். நான் கண்ணைக் காமிச்சாப் போதும், நகந்துக்குவான். அவனை எங்க நிக்கணும், எப்ப நகரணும்னு நான்தான் சொல்லுவேன். ஒரு நாளும் ஏன்னு கேட்டதில்ல. அவ்வளவு நல்லவன்.

அப்படிப்பட்டவன் எனக்குத் துரோகம் பண்ணிட்டான் சார்.

அவனுக்கு ஒரே பொண்ணு. மங்கையர்க்கரசின்னு பேரு, நாங்க அரசிம்போம். என்னைச் சித்தப்பான்னுதான் கூப்பிடும். அது பிறந்த அன்னைக்கு ஆஸ்பத்திரியில மொதப் படம் எடுத்தது நான். மொட்டை போட்டப்ப, பள்ளிக்கூடத்துல சேத்தப்ப, பெரிய மனுசியானப்ப, காலேஜுக்குப் போனப்ப, எல்லாம் நான் எடுத்ததுதான். அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் பேசி முடிச்சாச்சு. சின்னமனூர்ல மண்டபம். நான் என்ன நினைப்பேன்? புது லைட் ரெண்டு வாங்கி வச்சுட்டேன். எந்தப் பக்கம் நின்னு எடுக்கணும்னு மண்டபத்துக்கே போய்ப் பாத்துட்டு வந்துட்டேன்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுட்டு உக்காந்திருக்கோம். காசி மெதுவாச் சொல்றான், "கோடி, கல்யாணத்துக்குக் கோயமுத்தூர் பசங்களைச் சொல்லிருக்கேன்டா. போட்டோ, வீடியோ ரெண்டும் அவங்கதான்."

"ஏன்?"னேன்.

"நீ உக்காரணும்டா. மொத வரிசையில வள்ளிமயிலோட உக்காந்து பாக்கணும். பந்தியில மொத ஆளாச் சாப்பிடணும்"னான். அப்புறம் அவனாச் சொல்றான், "இத்தனை கல்யாணம் எடுத்திருக்கோம். ஒரு தாலி கட்டுறதையாவது நேர்க்கண்ணால பாத்திருக்கோமா? நான் பாத்ததெல்லாம் அந்தச் சின்னத் திரையிலதான். என் பொண்ணோடதையாவது நேராப் பாக்கணும்டா. நீயும்தான்."

எப்படிச் சமாளிக்கிறான் பாத்தீங்களா? நேராப் பாக்கணுமாம். நான் என்ன நேராப் பாக்காமலா இருக்கேன்? என் கை பழசாயிருச்சு, கோயமுத்தூர்க்காரன் படம் பளபளன்னு இருக்கு, அதைச் சொல்ல வேண்டியதுதானே. சொல்லிருந்தா மனசு ஆறிருக்கும். அதுக்கப்புறம் வேட்டி சட்டை எடுத்துட்டு வந்து குடுத்தான். அவனுக்கு எடுத்த அதே பட்டு வேட்டி, அதே கரை. வேட்டியைக் குடுத்து வாயை அடைக்கிறான்னு நினைச்சேன். வள்ளிமயில், என் சம்சாரம், அந்த வேட்டியைத் தொட்டுத் தொட்டுப் பாத்து, "சம்மந்தக்காரங்களுக்குக் குடுத்தது வேற தினுசுங்க, உங்களுக்குத் தன்னோடதையே எடுத்திருக்காரு"ன்னு சொன்னா. அவளுக்கு என்ன தெரியும்?

இந்தா, அசையுது பாருங்க. சத்தம் கேட்டுச்சா, மணல் நறநறங்குதுல்ல. இன்னும் கொஞ்சந்தான்.

கல்யாணத்துக்குப் போனேன். போகாம இருக்க முடியுமா? ஆனா கேமராவை எடுத்துட்டுப் போனேன். துணிப் பையில போட்டு, வள்ளிமயில் கையில குடுக்காம நானே வச்சுக்கிட்டேன். ஒரே ஒரு படம். தாலி கட்டுறப்ப ஒரு படம் எடுக்கணும், அந்தக் கோயமுத்தூர் பசங்க படத்தோட பக்கத்துல வச்சு, காசி, நீயே பாத்துக்கடான்னு சொல்லணும். அவ்வளவுதான் என் ஆசை. தப்பா?

மண்டபத்துல உக்காந்து கேமராவை எடுத்துக் கண்ணுல வச்சா, எல்லாம் இருட்டு. முந்தின வாரம் வைகை அணையில ஒரு ஜோடிக்கு உச்சி வெயில்ல படம் எடுத்தோம். வெயிலுக்கு லென்ஸுக்கு முன்னாடி ஒரு கறுப்பு ஃபில்டர் போடுவோம்ல, கூலிங் கிளாஸ் மாதிரி. அது அப்படியே இருந்துருச்சு. அதை மாட்டுனது காசிதான். என் கையில வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிற ரிஃப்ளெக்டர் இருந்துச்சு, "நீ மாட்டுடா"ன்னேன், அவன் மாட்டுனான். திரும்பி வர்றப்ப வேன் கதவுல லென்ஸை இடிச்சது நான்தான், இல்லேங்கல. அது சின்ன இடி. இறுக்கி மாட்டுனது அவன்.

கூலிங் கிளாஸைப் போட்டுக்கிட்டு மண்டபத்துக்குள்ள எதைப் படம் பிடிக்கிறது? திருகிப் பாத்தேன், அசையல. கைக்குட்டையை வச்சுத் திருகுனேன், அசையல. வள்ளிமயில் "உள்ள வைங்க, எல்லாரும் பாக்குறாங்க"ன்னா. வேற லென்ஸ் கடையில கிடக்கு. விருந்தாளியாப் போறவன் பெரிய பையையா தூக்கிட்டுப் போவான்?

அந்த நேரத்துல அய்யர் பொண்ணுகிட்ட முகூர்த்தப் பட்டைக் குடுத்து, கட்டிட்டு வரச் சொல்லி அனுப்பிட்டாரு. அதுக்கு எப்படியும் நேரம் ஆகும், உங்களுக்கே தெரியும். காசி மேடையை விட்டு இறங்கி நேரா என்கிட்ட வந்தான். பக்கத்து நாற்காலியில உக்காந்து, "நல்லா இருக்காடா?"ன்னு கேட்டான். முகமெல்லாம் வேர்வை. அவனை நான் அப்படிப் பாத்ததே இல்ல, சின்னப் பையன் மாதிரி இருந்தான்.

அப்பத்தான் என் மடியில இருந்த கேமராவைப் பாத்தான். "இதை ஏன்டா எடுத்துட்டு வந்த? உன்னை உக்காரத்தானே சொன்னேன்."

"ஃபில்டர் சிக்கிருச்சுடா"ன்னேன்.

"சிக்கட்டும். உள்ள வை."

"நீ மாட்டுனதுதான்"னேன்.

அவ்வளவுதான் சார் நான் சொன்னது. கை நீட்டி அவனே வாங்கிட்டான். நானா குடுத்தேன்? அவனா வாங்குனான். தொழில்காரன் கை சும்மா இருக்காது. ரெண்டு திருகு திருகிப் பாத்தான். வரல. "ரப்பர் செருப்பு இருந்தா வந்துரும். அப்புறம் பாத்துக்கலாம்"னான். "அப்புறம்னா தாலி கட்டி முடிஞ்சிரும். வாசல்ல ஊரு செருப்பெல்லாம் கிடக்கு, வாடா, ரெண்டே நிமிசம்"னேன். மேடையைத் திரும்பிப் பாத்தான். மாப்பிள்ளை மட்டும் உக்காந்திருக்காரு, அய்யர் என்னமோ சொல்லிட்டு இருக்காரு. பொண்ணு இன்னும் வரல. எந்திரிச்சு வந்தான்.

நானா இழுத்துட்டுப் போனேன்? அவனாத்தான் வந்தான்.

வாசல்ல மலை மாதிரி செருப்பு. ஆனா கல்யாணத்துக்கு எவன் ரப்பர் செருப்பு போட்டுட்டு வர்றான்? எல்லாம் தோலு, ஹீல்ஸு, சரிகை வச்சது. காசி பட்டு வேட்டியைத் தூக்கிக் கட்டிட்டு அங்கிட்டும் இங்கிட்டும் தள்ளித் தேடுறான். "விடுடா கோடி, நான் உள்ள போறேன்"னான். அதுக்குள்ள எனக்கு ஆம்பிட்டுருச்சு. பந்தி விசாரிக்கிற ஆளு ஒருத்தரு விட்டுட்டுப் போன நீலச் செருப்பு. "இந்தா, பிடி"ன்னேன். ரெண்டு பேரும் படியில குத்தவச்சு உக்காந்தோம். அவன் லென்ஸைப் பிடிச்சுக்கிட்டான், நான் செருப்பை வச்சுத் திருகுறேன். அந்த லென்ஸு பழசு, ஃபில்டரைத் திருகுனா லென்ஸும் சேந்து சுத்தும். ஒரு ஆளு பிடிச்சாத்தான் ஒரு ஆளு திருக முடியும். எங்க ரெண்டு பேரைத் தவிர அதை யாரும் கழட்ட முடியாது சார். அந்த நேரத்துல எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? கோபமெல்லாம் போயிருச்சு. பழையபடி ரெண்டு பேரும் ஒரு கல்யாணத்துல ஒண்ணா வேலை பாக்குறோம்னு இருந்துச்சு. சந்தோசமா இருந்துச்சு.

லேசா அசைஞ்சுச்சு. அப்ப காசி தலையைத் தூக்குனான். "டேய், மேளம் மாறுதுடா."

"வந்துருச்சு, விட்டுறாத. இப்ப விட்டா மறுபடியும் இறுகிக்கிரும்"னேன்.

"கோடி, விடுடா."

"வந்துருச்சுடா."

கெட்டிமேளம் கொட்டிட்டாங்க. முகூர்த்தம் தப்பப் போகுதுன்னு அய்யர் அவசரப்படுத்திட்டாராம். பொண்ணோட அப்பா எங்கன்னு வீட்டு ஆளுக காசியைத் தேடிருக்காங்க. காசியோட போன் அவன் சம்சாரம் சிவகாமி பையில இருந்துச்சு. என் போனுக்கு வள்ளிமயில் திரும்பத் திரும்ப அடிச்சிருக்கா, நான் சத்தத்தை அமத்தி வச்சிருந்தேன். கல்யாண வீட்டுல மரியாதைக்கு அமத்தி வைக்கிறதுதானே. சிவகாமியோட அண்ணன் காசி நிக்கிற இடத்துல நின்னுருக்காரு. வேற என்ன பண்ணுவாங்க, நல்ல நேரம் பாக்கணும்ல.

மேளம் கேட்ட உடனே காசி கையை எடுத்துட்டு எந்திரிச்சான். அவன் எந்திரிச்ச வேகத்துல என் கையிலயே ஃபில்டர் கழண்டு வந்துருச்சு. நான் "வந்துருச்சுடா"ங்குறேன், ஆளைக் காணோம். தோள்ல கிடந்த துண்டு படியில கிடக்கு. உள்ள ஓடுறான். நானும் பின்னாடியே ஓடுனேன்.

இந்தாங்க, உங்களுது வந்துருச்சு. பாத்தீங்களா, ஒரு கீறல் இல்ல. மரையில இருக்கிற மணலை ஒரு பழைய பல்லு பிரஷ்ஷால தட்டிருங்க. தண்ணி படக் கூடாது. மறுபடி மாட்டுறப்ப மொதல்ல எதிர்ப்பக்கமாச் சுத்தி, டக்னு விழுந்தப்புறம் மாட்டுங்க. வச்சுக்கங்க. செருப்பு இந்தாங்க.

எங்க விட்டேன்? ஓடுனேன். நான் உள்ள போனப்ப எல்லாரும் எந்திரிச்சு நிக்கிறாங்க, பூவும் அட்சதையும் போட்டு முடிச்சாச்சு. நாத்தனார் மூணாவது முடிச்சையும் போட்டாச்சு. மாப்பிள்ளை குங்குமம் வச்சுட்டு இருக்காரு. காசி மேடைக்குக் கீழ, படிக்குப் பக்கத்துல நிக்கிறான். ஓடுறப்ப யாரோ கையில அட்சதையைக் குடுத்திருக்காங்க. அதை அப்படியே மூடிப் பிடிச்சிருக்கான். மேல ஏறல. கையைத் தூக்கல. சும்மா நிக்கிறான். நான் கேமராவைக் கண்ணுல வச்சேன். பளிச்சுன்னு தெரிஞ்சான். ஒரே ஒரு படம்.

சார், நான் இந்தத் தொழில்ல எடுத்ததுலயே நல்ல படம் அதுதான். சன்னல் வெளிச்சம் ஒரு பக்கமா முகத்துல விழுது. கண்ணு ரெண்டும் நிறைஞ்சு, தண்ணி இந்தா விழப் போறேங்குது. மூடுன கைக்குள்ள இருந்து மஞ்சள் அரிசி நாலு வெளிய தெரியுது. பின்னாடி கூட்டம் எல்லாம் மங்கல். கோயமுத்தூர் பசங்க தலைகீழா நின்னாலும் அப்படி ஒண்ணு வராது.

"காசி, கிடைச்சிருச்சுடா"ன்னு பக்கத்துல போய்க் காமிச்சேன். பாத்தான். என்னைப் பாத்தான். மேடையில ஏறிப் போயிட்டான். அன்னைக்குப் பந்தியில அவன் என்னைக் கூப்பிடல. மொத ஆளாச் சாப்பிடணும்னு சொன்னவன். வள்ளிமயில் "எனக்குப் பசிக்கல, வாங்க போகலாம்"னுட்டா. கல்யாணச் சாப்பாடு சாப்பிடாம வந்தோம் சார், என் பொண்ணு மாதிரி நினைச்ச பொண்ணு கல்யாணத்துல.

அதுக்கப்புறம் காசி கடைக்கு வரல. மறுவீடு, விருந்துன்னு அலையுறான்னு நினைச்சேன். ஒரு நாள் நான் சாப்பிடப் போயிருந்தப்ப ஆளோட வந்து கம்ப்யூட்டர், ஸ்டாண்டு எல்லாத்தையும் வண்டியில ஏத்திட்டுப் போயிட்டான். சாவியை டீக்கடையில குடுத்துட்டுப் போயிருக்கான். இப்பச் சின்னமனூர்ல வேற ஒருத்தர் கடையில வேலை பாக்குறான். போன் பண்ணா எடுக்க மாட்டேங்குறான். நீங்களே சொல்லுங்க, என்கிட்ட வேலையைக் குடுக்காம வெளியூர்க்காரனுக்குக் குடுத்தது யாரு? நான் ஒரு வார்த்தை கேட்டேனா? பொறுத்துக்கிட்டுப் போய் உக்காந்தேன். கோவிச்சுக்க வேண்டியது நானா, அவனா?

வள்ளிமயில் மட்டும் அந்த வீட்டுக்குப் போயிட்டு வர்றா. அவதான் ஆல்பம் வந்திருக்குன்னு சொன்னா. "எப்படி இருக்கு?"ன்னேன். எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிட்டா. அப்புறம் அரசியே போன்ல யாருக்கோ அனுப்பி, அது சுத்திச் சுத்தி எனக்கு வந்துச்சு. தாலி கட்டுற படம். சார், அதைப் பாத்தா நீங்க சிரிப்பீங்க. மாப்பிள்ளை தாலி கட்டுறாரு, சிவகாமி வாசலைப் பாத்துட்டு நிக்குது. பொண்ணு தலையைக் குனிஞ்சு இருக்கணுமா இல்லையா? அதுவும் வாசலைத்தான் பாக்குது. காசி இருக்க வேண்டிய இடத்துல மச்சினன் நிக்கிறாரு, அவரும் வாசலைத்தான் பாக்குறாரு. ஒரு நல்ல போட்டோகிராபரா இருந்தா, அம்மா இங்க பாருங்கன்னு ஒரு சத்தம் குடுத்திருக்க மாட்டானா? இதுக்குத்தான் கோயமுத்தூர்ல இருந்து ஆளு.

அரசிக்குப் போன் போட்டேன். "என்னம்மா படம் இது? எல்லாரும் எங்கிட்டோ பாக்குறீங்க. மாப்பிள்ளையைக் கூட்டிட்டு ஒரு நாள் வாம்மா. அப்பா அம்மாவையும் நிக்க வச்சு, மாலையெல்லாம் போட்டு, சித்தப்பா நல்லா எடுத்துத் தர்றேன்"னு சொன்னேன். "வேண்டாம் சித்தப்பா"ன்னு சொல்லிட்டு வச்சிருச்சு. குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. அப்பன் சொல்லிக் குடுத்திருப்பான்.

சரி, நாமதான் பெரிய மனசு பண்ணுவோம்னு நினைச்சேன். நான் எடுத்த அந்தப் படத்தை ஆள் உயரத்துக்குப் பெருசாப் போட்டேன். மதுரையில குடுத்து, தேக்குல சட்டம் போட்டு, கண்ணாடி வச்சு, காசி வீட்டுக்கு அனுப்பி வச்சேன். என் கல்யாணப் பரிசு. அதைப் பாத்தா ஓடி வருவான்னு நினைச்சேன் சார். இப்படி ஒரு படம் இந்த ஜில்லாவுல எந்த அப்பனுக்கு இருக்கு?

அன்னைக்கு சாயந்தரமே அதே ஆட்டோவுல திரும்பி வந்துருச்சு. மேல சுத்துன காகிதம் பாதிதான் பிரிஞ்சிருக்கு, முகம் தெரியிற வரைக்கும். ஆட்டோக்காரர்கிட்ட "என்னப்பா சொன்னாரு?"ன்னு கேட்டேன். "பாத்துட்டு உள்ள போயிட்டாரு. அந்தம்மாதான் எடுத்துட்டுப் போயிருங்கன்னு சொல்லுச்சு"ன்னாரு. குடுத்த பரிசைத் திருப்பி அனுப்புறது. எதிரிக்குக்கூட யாரும் செய்ய மாட்டாங்க.

வள்ளிமயில் என்ன சொன்னா தெரியுமா? "ஒருக்கா அவங்க வீட்டுக்குப் போயி, அவரு முன்னாடி உக்காருங்க. ஒண்ணும் பேச வேணாம். சும்மா உக்காருங்க"ன்னா. எதுக்கு உக்காரணும்? தப்பு பண்ணவன் அவன். அதுல இருந்து அவ கடைக்கு வர்றதில்ல. சாப்பாட்டைப் பக்கத்துக் கடைக்காரர்கிட்ட குடுத்தனுப்புறா.

வீட்டுல அந்தப் படத்தை வைக்க விடமாட்டேன்னுட்டா. அதனால கடை வாசல்ல, கண்ணாடிக்குள்ள, ரோட்டைப் பாத்து மாட்டிட்டேன். லைட் போட்டு வச்சிருக்கேன். போறவங்க வர்றவங்க எல்லாம் நின்னு பாக்குறாங்க சார். யாருங்க இவரு, ஏன் அழுறாருன்னு கேக்குறாங்க. பொண்ணைக் கட்டிக் குடுக்கிற அப்பன் அழமாட்டானா, அது ஆனந்தக் கண்ணீருன்னு சொல்லுவேன். அந்தப் படத்தைப் பாத்துட்டு இப்ப ரெண்டு கல்யாணம் வந்துருச்சு. எங்களுக்கும் இதே மாதிரி எடுத்துக் குடுங்கன்னு கேக்குறாங்க.

காசி தெனம் காலையில சின்னமனூர் பஸ்ல என் கடை வழியாத்தான் போறான். சன்னலோரம் உக்காந்திருப்பான். கடைக்கு முன்னாடி பஸ் நின்னுதான் போகும். நான் வெளிய வந்து நிப்பேன். ஒரு நாளாவது இந்தப் பக்கம் பாப்பான்னு. பஸ் கிளம்புற வரைக்கும் அந்தப் பக்கமே பாத்துட்டு இருக்கான் சார். அங்க என்ன இருக்கு? பூட்டுன அரிசி மில்லு. அதைப் பாக்குறான்.